நடந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தருகிறேன். கேள்வி நேரத்தில் வந்தவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



டாக்டர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே, ரத்தம் எடுக்கிற ஆளையா பேசச் சொன்னார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து மாத்திரை பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது, பேசவும் போவதில்லை. ரத்தத்தில் என்ன மிதக்கிறது, நாம் நடக்கும்போது அதில் எது கூடுகிறது, எது குறைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் தெருக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். போன மாதம் கையில் ஒரு ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, அஞ்சு மாசமா விடியக்காலம் எந்திரிச்சு ஸ்டேஷன் ரோட்டுல நடக்கேன். எடை ஒரு கிலோகூட இறங்கல. இப்ப இதுல வேற ஏதோ கூடிருக்குங்காங்க. இன்னையோட நடையை நிப்பாட்டிட்டேன்” என்றார். முழு உடல் பரிசோதனை என்று பேக்கேஜில் எடுத்தது. அதில் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

அவர் சொன்னதில் இரண்டு தப்பு இருந்தது. எடை குறையாவிட்டால் நடந்தது வீண் என்பது ஒன்று. அந்த ஒரு நம்பரை வைத்துப் பயந்தது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சி.ஆர்.பி. என்றால் என்ன என்று பார்ப்போம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு மெஷின் கிடையாது. கறுப்பு ஸ்லைடில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு விடுவோம். பக்கத்தில் பால் மாதிரி இருக்கும் லேடெக்ஸ் திரவம் ஒரு சொட்டு. குச்சியால் கலந்து இரண்டு நிமிடம் ஆட்டிப் பார்ப்போம். பால் திரிந்த மாதிரி மணல் மணலாகத் திரண்டால் பாசிட்டிவ். அந்தச் சோதனைக்கு லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நிமோனியா, மூட்டுவாதக் காய்ச்சல் மாதிரி உடம்பில் தீப்பிடித்து எரிந்தால்தான் தெரியும். இந்தப் புரதத்தையே 1930-இல் நியூயார்க்கில் டில்லட், பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு வந்த நுட்பமான சோதனைதான் அந்த ‘ஹெச்.எஸ்.’. இது 1-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள சின்ன ஏற்ற இறக்கத்தைக்கூடச் சொல்லும். அதாவது எரிகிற தீயை மட்டுமல்ல, புகைச்சலையும் காட்டும்.

புகைச்சல் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடித் தீ வைத்தால், வெளியே ஜுவாலை தெரியாது. உள்ளே நாள் கணக்கில் வெந்துகொண்டே இருக்கும். உடம்பிலும் இரண்டு வகை உண்டு. அதே சீமைக்கருவேல முள் காலில் குத்தினால் இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். இது நல்லது, நம்மைக் காப்பாற்றுவது. நாலு நாளில் வேலையை முடித்துக்கொண்டு அடங்கிவிடும். இன்னொன்று கரிமூட்டம் மாதிரி அடங்காமல் வருஷக்கணக்கில் போவது. வலிக்காது, காய்ச்சல் வராது. ஆனால் ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும், இன்சுலினை வேலை செய்ய விடாது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் பின்னால் இது இருக்கிறது.

இந்த அழற்சியைத் தொடங்கு, நிறுத்து என்று செல்களுக்குள் தகவல் கொண்டுபோகிற புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்று டிவியில் கேட்டோமே, அதுதான். இதில் இரண்டு பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டி.என்.எஃப்.-ஆல்ஃபா. மூட்டத்தை ஊதிவிடுகிற ஆள். இன்னொன்று இன்டர்லூக்கின்-6, சுருக்கமாக ஐ.எல்.-6. இது கல்லீரலுக்குப் போய்ச் சொன்னால்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கும். ஆகவே நம் தெருக்காரர் ரிப்போர்ட்டில் இருந்தது புகை. மூட்டம் வேறு இடத்தில்.

எந்த இடத்தில்? பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பில். கொழுப்பு என்றால் சும்மா கிடக்கிற மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில் என்பவரும் கூட இருந்தவர்களும், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். வருகிறது, அது இன்சுலினுக்கு இடைஞ்சல் செய்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் பார்வை மாறியது.

“நான் ஒல்லிதானே, எனக்கென்ன” என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஞ்ஞிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கின், இரண்டு பேரும் நண்பர்கள். 2004-இல் லான்செட் பத்திரிகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற பி.எம்.ஐ. கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். ஆள் ஒல்லி, கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல். இந்தியர்கள் பலருடைய உடம்பின் வாகு இப்படித்தான். எடை மெஷினில் ஏறி நின்றால் இது தெரியாது. அதே புனேக் குழு 2008-இல் கிராமத்து ஆண்கள், நகரத்துக் குடிசைப் பகுதி ஆண்கள், நகரத்து நடுத்தர வகுப்பு ஆண்கள் என்று மூன்று பிரிவாகச் சோதித்து வெளியிட்டது. கிராமத்துக்காரர்களைவிட நகரத்துக்காரர்களுக்குக் கொழுப்பும் கூட, இந்த அழற்சிப் புரதங்களும் கூட.

மணியாச்சி நகரமா கிராமமா என்று நம் சங்கத்தில் விவாதம் வைத்தால் முடியாது. ஆனால் நம் கால்கள் எப்போதோ நகரத்துக்குப் போய்விட்டன. உழவுக்கு டிராக்டர், களைக்கு மருந்து, கடைக்கு பைக். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களுக்கோ உட்கார்ந்த இடத்திலேயே வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஐ.எல்.-6 என்றால் கெட்டது என்றுதானே இதுவரை சொன்னேன்? உடற்பயிற்சி செய்கிறவர்களின் ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. மாரத்தான் ஓடி முடித்தவருக்கு ஐ.எல்.-6 நூறு மடங்குகூட ஏறியிருந்தது. அப்படியென்றால் ஓடுவது நோயா? தசை கிழிந்ததால் வந்த அழற்சி என்றுதான் முதலில் எண்ணினார்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் என்ற அம்மையாரின் குழு இதைத் தோண்டியது. 2000-இல் வெளிவந்த அவர்கள் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். லேப்காரன் புத்திக்குப் பிடிக்கிற சோதனை. ஆட்களை உட்கார வைத்து ஒரு காலை மட்டும் ஐந்து மணி நேரம் நீட்டி மடக்கச் சொன்னார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. தொடைக்கு ரத்தம் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் ரத்தம் எடுத்தார்கள். வேலை செய்த காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் ஐ.எல்.-6 கூடியிருந்தது. சும்மா இருந்த காலில் அப்படி இல்லை. ஒரே ஆள், ஒரே ரத்தம். ஆக அதை அனுப்பியது சுருங்கி விரிந்த தசைதான்.

கிருமி வந்தால் முதலில் டி.என்.எஃப். ஏறும், அதன் பின்னால் ஐ.எல்.-6 வரும். தசையிலிருந்து வரும்போது முன்னால் டி.என்.எஃப். இல்லை. ஐ.எல்.-6 தனியாக வருகிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அது போகிற வழியில் அழற்சியை அடக்குகிற வேறு புரதங்களை, குறிப்பாக ஐ.எல்.-10 என்பதை, எழுப்பிவிட்டுப் போகிறது. ரயில்வேக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கார்டு கையில் இருக்கிற விளக்கு ஒன்றுதான். திருப்பினால் சிவப்பு, திருப்பினால் பச்சை. ஐ.எல்.-6 அந்த விளக்கு மாதிரி. வயிற்றுக் கொழுப்பிலிருந்து நாள் முழுக்க ஒழுகி வந்தால் ஒரு அர்த்தம். தசையிலிருந்து கொஞ்ச நேரம் எழும்பி அடங்கினால் வேறு அர்த்தம்.

இது வாய்ச்சொல்தானா, நிஜமா என்று பார்க்கவும் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2003-இல் வந்தது. ஆரோக்கியமான ஆட்களுக்கு, கிருமியின் மேல்தோலில் இருக்கும் நஞ்சை மிகச் சிறிய அளவில் ஊசியில் செலுத்தினார்கள். சும்மா படுத்திருந்தவர்களுக்கு டி.என்.எஃப். இரண்டு மூன்று மடங்கு ஏறியது. இரண்டரை மணி நேரம் சைக்கிள் மிதித்த பிறகு அதே ஊசி போட்டபோது டி.என்.எஃப். ஏறவே இல்லை. ஊதுகிற ஆளின் கையைத் தசை பிடித்துக்கொண்டது.

இரண்டரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க நமக்கு ஆகாது. பயப்பட வேண்டாம். 2017-இல் கலிபோர்னியாவில் 47 பேரை டிரெட்மில்லில் வெறும் 20 நிமிடம் மிதமாக நடக்க விட்டு, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். டி.என்.எஃப். சுரக்கும் வெள்ளை அணுக்கள் சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தன. பெரிய எண் அல்ல. மாரத்தானில் வருகிற நூறு மடங்கும் நடையில் வராது. சின்னச் சின்னதாகத் தினமும் நடக்கிற காரியம் இது.

கொரோனா இரண்டாம் அலையில் டோசிலிசுமாப் என்ற ஊசிக்கு ஜனங்கள் அலைந்தது ஞாபகம் இருக்கும். அது ஐ.எல்.-6 வேலை செய்யாமல் அடைக்கும் மருந்து. கொரோனாவுக்கு முன்பே, 2019-இல், கோபன்ஹேகன்காரர்கள் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் போட்டுக்கொண்டு மிதித்தவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்தது. மருந்து போட்டுக்கொண்டு அதே மாதிரி மிதித்தவர்களுக்குக் குறையவில்லை. தசையின் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் உள்கொழுப்பு கரைகிறது என்பது இதில் தெரிந்தது.

அதனால்தான் நம் தெருக்காரரிடம் எடை மெஷினை விட்டுவிட்டு டெய்லர் டேப்பை எடுங்கள் என்றேன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. உள்கொழுப்பு கரைந்து தசை கொஞ்சம் கூடினால் எடை அப்படியே நிற்கும், வேட்டி மட்டும் தளரும்.

எடை குறையாமல் பலன் கிடைக்குமா என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நாலு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினம் அரை மணி நேர வேக நடையும். ஒன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. ஒன்றுக்கு இரண்டும். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவும் பிரிவில் 39 பேர். மாத்திரைப் பிரிவில் ஏறத்தாழ 40. இரண்டும் சேர்த்தவர்களுக்கும் கிட்டத்தட்ட 40 தான், கூடுதல் லாபம் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, நடந்தவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பலனுக்கு இந்தச் சைட்டோகைன்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அது சர்க்கரையைப் பார்த்த ஆய்வு. நான்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

சரி, அந்தத் தடித்த எழுத்து? அவருடைய எண் 4-க்குப் பக்கம். 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே இதய ஆபத்து கூடுதல் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் “அன்னைக்கு உடம்பு எப்படி இருந்தது?” என்று கேட்டேன். கடைவாய்ப் பல்லில் வீக்கம், இரண்டு நாளாகச் சாப்பிட முடியவில்லை என்றார். பல் வீக்கம், சளி, புண், எது இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். அப்போது எடுத்த எண்ணை வைத்து இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பழக்கமில்லாமல் திடீரென்று கடுமையாக ஓடி ஆடியிருந்தாலும் ஒன்றிரண்டு நாளைக்கு ஏறியே இருக்கும், அதற்கு மறுநாள் போய் ரத்தம் கொடுக்காதீர்கள். பேக்கேஜில் சும்மா வருகிறதே என்று எடுத்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, உங்கள் டாக்டர் கேட்டால் மட்டும் எடுப்பது மேல். இதை லேப்காரன் சொல்கிறேன்.

கேள்வி நேரத்தில் ஒரு ஆச்சி கேட்டது: “எய்யா, பருத்திக் காட்டுலயும் உளுந்தங் காட்டுலயும் நாங்க நடக்காத நடையா? குனிஞ்சு நிமிராத வேலையா? இன்னுமா நடக்கச் சொல்லுதிய?” கூட்டமே சிரித்தது. கேள்வி சரியானது. ஆனால் பதில் கொஞ்சம் கஷ்டமானது. நடையைச் சேர்த்து வைக்க முடியாது. தசை அனுப்புகிற தகவல் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2008-இல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், தினம் சுமார் 10,000 எட்டு நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான இளைஞர்களை 1,500-க்கும் கீழே குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லிஃப்ட்டில் போ, காரில் போ, அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் வயிற்றின் உள்கொழுப்பு 7 சதவீதம் கூடிவிட்டது. வாலிபப் பிள்ளைகளுக்கே இப்படி. நாற்பது வருஷம் காட்டில் பாடுபட்ட ஆச்சி, மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் கணக்கு அந்த மூன்று வருஷத்துக்குத்தான்.

“முட்டு வலிக்கே, எப்படி நடக்க?” என்று இன்னொருவர். தகவல் அனுப்புவது தசை, அதிலும் பெரிய தசை, தொடை. நடக்க முடியாதவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து தடவை, காலையும் மாலையும். உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி மடக்கலாம், கோபன்ஹேகனில் செய்ததும் அதுதானே. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும்.

கோவில்பட்டியில் ஹாக்கி ஆடப் போகிற தம்பி ஒருவர், மேட்ச் முடிந்து இரண்டு நாள் கால் வலிக்கிறதே, அதுவும் அழற்சியா என்று கேட்டார். ஆமாம், முள் குத்திய வகையைச் சேர்ந்தது. தானாக ஆறும். ஆறிய பிறகு தசை முன்னைவிட உறுதியாகும். ஒவ்வொரு மேட்சுக்கும் வலி மாத்திரை போட வேண்டாம் தம்பி.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகம், கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. மிதமான வேகம் என்றால் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். நம் வெயிலில் காலை ஏழரைக்கு மேல் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடை, இடது கை இழுத்தாலோ அங்கேயே நின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கரிசல் மண் வெடிப்பிலும் முள்ளிலும் பட்டது தெரியாமலே புண்ணாகும்.

இன்னொன்று. இன்சுலின் போடுகிறவர்களும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் நடக்கும்போது சர்க்கரை இறங்கி மயங்கலாம். அதற்காகச் சிலர் சட்டைப் பையில் கடலைமிட்டாய் வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் மயக்கத்துக்கு அது சரிப்படாது. கடலையில் இருக்கும் எண்ணெய், இனிப்பு ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். குளுக்கோஸ் பவுடரோ வெறும் சீனியோ ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் வீட்டுக்கு வந்த பிறகு, பாதி.

நம் தெருக்காரர் பல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடக்க வருகிறார். நாங்கள் நாலைந்து பேர் காலை ஐந்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் கூடுகிறோம். பெண்கள் தனியாக ஒரு குழுவாக வர விரும்பினால் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மார்கழி முடிகிற வரைக்கும் இருட்டாக இருக்கும், டார்ச் லைட் கொண்டுவாருங்கள். நாய்க்கு ஒரு கம்பும்.